வீட்டுக்குளமும் ஊருணியும்

சென்னைக்குப் புறப்படும் தொடர்வண்டிகள் சிலவற்றின் பெயர்ப்பலகையில் 'சாந்த்ராகாச்சி' என்னும் ஊர்ப்பெயரைக் காணாத வங்கத் தமிழர் இரார். ஊர்தி மாறும் இடமாகவும், ஊருக்குப் பயணம் தொடங்கும் வாயிலாகவும் நாம் அறிந்துள்ள அவ்வூர், ஹவுரா நகரத்தின் ஒரு பகுதியாகும். அந்நிலையத்தை ஒட்டி ஏறத்தாழ 32 ஏக்கர் பரப்பில் ஒரு நீர்நிலை உண்டு. தென்கிழக்கு இரயில்வேக்கு உரிய அந்நீர்நிலைக்குக் குளிர்காலத்தில் பறவைகள் வருகின்றன என்பதைப் பலர் அறிவர். அந்நீர்நிலையையும், அதனைச் சூழ்ந்த ஊரில் ஒரு காலத்தில் வீடுதோறும் விளங்கிய சிறு குளங்களையும் வரலாற்றுக் கண்கொண்டு நோக்குவோர் சிலரே.

'ஹவுரா' என்னும் பெயர், நீரும் சேறும் தங்கும் பள்ளநிலத்தைக் குறிக்கும் 'ஹாவோர்' என்னும் வங்கச் சொல்லினின்று பிறந்தது என்று கூறுவர். பெயரிலேயே நீரைத் தாங்கிய ஊர் அது. அத்தகைய ஊரில் நீரைக் காத்தல் என்னும் பேச்சுக்கு என்ன தேவை என்று சிலர் வினவலாம். ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நிலம். அருகே ஹூக்ளி என வழங்கும் கங்கைக் கிளை. தோண்டிய இடத்தில் ஊறும் நீர். இவ்வளவு இருந்தும், நல்ல நீருக்கு மக்கள் குழாயையும் புட்டியையும் எதிர்நோக்கி நிற்கும் நிலை எவ்வாறு வந்தது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்விடை, தமிழகத்து ஊருணிகளின் வரலாற்றோடும் நெருங்கிய தொடர்புடையது.

வீடு எழக் குளம் பிறந்தது

வங்கத்தின் டெல்டா நிலம் ஆறுகள் கொணர்ந்த வண்டலால் ஆனது, தாழ்வானது, மழைக்காலத்தில் நீரில் ஆழ்வது. அங்கே வீடு கட்ட விரும்புபவன் முதலில் தன் மனையை மேடாக்கிக் கொள்ள வேண்டும். மேடாக்க மண் வேண்டும். மலையோ குன்றோ இல்லாத நாட்டில் மண்ணைத் தன் நிலத்திலேயே ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. வெட்டிய பள்ளத்தில் மழைநீர் நிறைந்தது, அதுவே வீட்டுக்குளமாயிற்று. வீட்டின் அடித்தளமும் குளமும் ஒரே நாளில் பிறந்த இரட்டையர் எனலாம்.

வங்கமொழியில் நீர்நிலைகளுக்கு வழங்கும் பெயர்கள் பல. சிறு பள்ளம் 'டோபா'. வீட்டுக்கும் தெருவுக்கும் பயன்படும் குளம் 'புக்குர்'. செல்வரும் சிற்றரசரும் வெட்டிய பெருங்குளம் 'தீகி'. விரிந்த நீர்ப்பரப்பு 'ஜீல்'. புக்குர் என்பது 'புஷ்கரம்' என்னும் வடசொல்லின் திரிபு. நம் திருக்கோயில்களில் வழங்கும் 'புட்கரணி'யும் அவ்வேரினின்று தோன்றியதே. வீட்டின் பின்வாயிலை ஒட்டி, பெண்டிர் பிறர் கண்ணில் படாது நீராடவும் கலங்கள் துலக்கவும் அமைந்த குளத்திற்குக் 'கிர்கி புக்குர்', அதாவது பின்வாயிற்குளம், என்று தனிப்பெயரே உண்டு.

இக்குளங்கள் வங்கத்தில் மட்டும் இத்துணை மிகுதியாக அமைந்தமைக்கு மற்றொரு காரணம் நிலத்தின் தன்மையாகும். கொல்கத்தாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மேல்மண்ணின் கீழே தடித்த களிமண் படுகை பரவிக் கிடக்கிறது. களிமண் நீரை எளிதில் உள்ளே விடாது. எனவே பெய்த மழை மேலேயே தங்கும். அதனைத் தக்க இடத்தில் தங்கவைத்தால் குளம், விட்டுவிட்டால் தெருவெள்ளம். இந்த எளிய உண்மையை வங்கத்துக் குடியானவன் ஏட்டில் படித்தறியவில்லை. தன் மண்ணில் கண்டறிந்தான். ஹவுராவின் சிபூரில் 1787-ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட தாவரவியல் தோட்டத்திலும் ஒன்றோடொன்று இணைந்த 24 நீர்நிலைகள் அமைந்துள்ளன. அவை ஹூக்ளி ஆற்றோடும் தொடர்புடையவை. ஆயிரக்கணக்கான மரங்களைக் காக்கும் பெருந்தோட்டமும், ஒரு குடும்பத்தைக் காக்கும் சிறு வீடும் ஒரே முறையைப் பின்பற்றின என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

வீட்டுக்குளம் நீரை மட்டும் தரவில்லை. அதில் மீன் வளர்ந்தது. கோடையில் நீர் வற்றும் காலத்தில் அள்ளிய சேறு தோட்டத்திற்கு உரமாயிற்று. கரையில் வாழையும் தென்னையும் நின்றன. அரிப்பில்லாத சேனைக்கிழங்கு என்று வங்கமெங்கும் புகழ்பெற்றது சாந்த்ராகாச்சிச் சேனை. ஈரமும் வண்டலும் நிறைந்த இத்தகைய மனைத்தோட்டங்களே அப்பயிருக்கு ஏற்ற நிலங்களாகும். இவ்வாறு குளம், தோட்டம், அடுக்களை ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாய் விளங்கின. பாசியை அகற்றுவதும், கரையைச் சீர்செய்வதும், சேறு அள்ளுவதும் அவ்வீட்டார் தம் கடமையாகவே கருதப்பட்டன.

தமிழகத்து ஊருணி

இனித் தமிழகத்தை நோக்குவோம். ஊரார் உண்ணும் நீர்நிலை ஆதலின் அது ஊருணி எனப்பட்டது. பேரறிவாளனின் செல்வத்திற்கு நீர் நிறைந்த ஊருணியை வள்ளுவர் உவமை கூறியிருப்பது நாமறிந்ததே. உவமை, கேட்போர் நன்கறிந்த பொருளாக இருத்தல் வேண்டும் என்பது இலக்கண மரபு. அவ்வாறாயின், வள்ளுவர் காலத்திலேயே ஊருணி ஒவ்வொருவர் கண்முன்னும் நின்ற பொருள் என்பது பெறப்படும். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலைகளைப் பெருக்குமாறு அறிவுரை கூறிய குடபுலவியனாரையும் இங்கு நினைவுகூர்தல் தகும். போரில் வென்ற வேந்தனிடம் புலவர் ஒருவர் குளத்தைப் பற்றிப் பேசினார் என்பதே நம் முன்னோர் நீருக்குத் தந்த இடத்தைக் காட்டப் போதுமானது.

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காகவே நாம் அவற்றைப் பெரிதும் போற்றுகிறோம். ஆயினும் அம்முறையால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஏரியைப் பேணும் பொறுப்பு ஆண்டுதோறும் புதிய கைகளுக்கு மாறியது. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் தேர்வு பெறத் தகுதியற்றவராயினர். நீர்நிலை ஊரின் சொத்தாக மட்டும் நில்லாது, ஊரின் கணக்காகவும் விளங்கியது.

வீட்டளவில் இம்முறையைக் காண விரும்புவோர் செட்டிநாட்டு மனைகளை நோக்குக. மழை குறைந்த வறள்நிலத்தில் எழுந்த அம்மாளிகைகளின் கூரைகள் யாவும் முற்றத்தை நோக்கிச் சரிந்து நிற்கும். கூரையில் விழும் ஒவ்வொரு துளியும் முற்றத்தில் இறங்கும். அங்கே கலங்களிலும் அண்டாக்களிலும் பிடிக்கப்படும். எஞ்சிய நீர் கிணற்றை நாடும். அதற்கும் மிஞ்சியது வடிகால் வழியே ஊருணியைச் சேரும். முதலில் வீட்டின் தேவை, பின்னர் நிலத்தின் தேவை, அதன்பின் ஊரின் தேவை என்று நீர் ஒழுங்காகப் பங்கிடப்பட்ட முறை இது.

வங்கத்தில் மழை மிகுதி. செட்டிநாட்டில் மழை குறைவு. அங்கே களிமண் நீரை மேலே நிறுத்தியது. இங்கே முற்றம் நீரை வீட்டுக்குள் அழைத்தது. வழிகள் வேறாயினும் கொள்கை ஒன்றே. தன் மனைமேல் பெய்த மழைக்கு அவ்வீட்டாரே பொறுப்பு என்பதே அக்கொள்கை. அது தளர்ந்த கதையை இனிக் காண்போம்.

குழாய் வந்த காலம்

கல்கத்தா நகரம் தோன்றிய காலத்தில் அதன் குடிநீர் குளங்களிலிருந்தே கிடைத்தது. பழைய கோட்டைக்கு அருகிலிருந்த லால் தீகியின் நீரை ஆங்கிலேயரும் அருந்தினர். தோற்பைகளில் நீர் சுமந்து வீடுதோறும் ஊற்றிய பிஸ்திகள் நகர வாழ்வின் இன்றியமையாத உறுப்பினராயிருந்தனர். பரிசுச்சீட்டு நடத்திப் பெற்ற பணத்தைக் கொண்டு நகரைச் சீர்செய்வதற்காக 1817-இல் அமைந்த லாட்டரிக் குழு, சாலைகளை அமைத்ததோடு பெருங்குளங்களையும் வெட்டியது. கல்லூரிச் சதுக்கத்துக் குளம் அவ்வாறு தோன்றியவற்றுள் ஒன்று. ஆட்சியாளரும் தொடக்கத்தில் குளத்தையே நம்பினர் என்பதற்கு இதுவே சான்று.

1870-இல் இந்நிலை மாறியது. நகருக்கு வடக்கே பல்தா என்னுமிடத்தில் ஹூக்ளி நீரை எடுத்து, தேக்கித் தெளியவைத்து, மணலில் வடிகட்டி, குழாய் வழியே கல்கத்தாவுக்கு அனுப்பும் நிலையம் அவ்வாண்டில் செயற்படத் தொடங்கியது. 1911-இல் தாலாவில் ஏறத்தாழ 110 அடி உயரத்தில் எழுந்த எஃகுத் தொட்டி 90 இலட்சம் காலன் நீரைத் தாங்கியது. ஹவுராவும் பின்னர்க் குழாய்நீர் பெற்றது. சென்னைப் பட்டினத்தின் கதையும் இதுவே. 1872-இல் செங்குன்றம் ஏரியிலிருந்து நகருக்கு நீர் கொணரும் திட்டம் நிறைவேறியது. இரு மாகாணத் தலைநகரங்களும் இரண்டே ஆண்டு இடைவெளியில் தம் நீரைத் தொலைவிலிருந்து வரவழைத்துக்கொண்டன.

இதனைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. குழாய்நீரால் காத்த உயிர்கள் எண்ணிலடங்கா. ஆயினும் ஒன்று நிகழ்ந்தது. தொலைவிலிருந்து நீர் வரத் தொடங்கியதும், அருகிலிருந்த நீரின்மேல் இருந்த கண் அகன்றது. குடிப்பதற்குக் குழாய் இருக்கையில் குளம் எப்படிக் கிடந்தால் என்ன என்னும் எண்ணம் மெல்ல வேரூன்றியது. இன்று ஹவுரா நகருக்கு ஹூக்ளி நீரைத் தூய்மை செய்து வழங்கும் நிலையம் அமைந்த இடத்தின் பெயர் பத்மபுக்குர். தாமரைக்குளம் என்பது அதன் பொருள். குளத்தின் பெயர் குழாய்க்கு வாய்த்தது; குளங்களோ பேணுவாரின்றிப் போயின.

குளத்தின்மேல் எழுந்த வழக்கு

குளம் கைவிடப்பட்டதற்குச் சோம்பல் மட்டுமே காரணம் என்று கூறின் அது நேர்மையாகாது. குளத்தின்மேல் கடுமையான குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவை மெய்ப்பிக்கவும் பட்டன.

ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ராபர்ட் கோக் 1883-ஆம் ஆண்டு டிசம்பரில் காலரா நோயின் காரணத்தை ஆராயக் கல்கத்தாவுக்கு வந்தார். 1884-இன் தொடக்கத்தில், நோய் பரவியிருந்த புறநகர்க் குடியிருப்பொன்றின் குளத்துநீரில் காலராக் கிருமியை அவர் கண்டார். அக்குளத்தைச் சுற்றி வாழ்ந்தோர் அதிலேயே குளித்து, அதிலேயே துணி துவைத்து, அதனையே பருகினர். முதலில் நோயுற்று இறந்தவரின் துணிகளும் அக்குளத்திலேயே அலசப்பட்டன என்று அவர் குறித்தார். வீட்டுக்குளம் குற்றவாளிக் கூண்டில் நின்ற நாள் அது.

அடுத்த குற்றச்சாட்டும் இந்நகரிலேயே எழுந்தது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்னும் உண்மையை 1897-இல் செகந்தராபாத்தில் ஓரளவு கண்ட ரொனால்டு ராஸ், 1898-இல் கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு ஆராய்ந்து அதனை நிறுவினார். கொசு நீரில் முட்டையிடும். குளத்தில் நீர் உள்ளது. ஆகவே குளத்தைத் தூர்த்துவிடு என்பது எளிய முடிவாயிற்று. நலவாழ்வின் பெயராலும், பின்னர் வீட்டுமனையின் பெயராலும், சாலையின் பெயராலும் குளங்கள் மண்ணுக்கடியில் சென்றன. எஞ்சியவற்றை ஆகாயத்தாமரை மூடியது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் வங்கத்திற்கு வந்த அவ்வயல்நாட்டுக் கொடியை ஒழிக்க 1936-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

எனினும் வழக்கை மீண்டும் விசாரித்தல் நம் கடமை. கோக் கண்டது குளத்தின் இயல்பையா? குளத்தில் மக்கள் கலந்த அழுக்கையன்றோ? குடிக்கும் நீரும் குளிக்கும் நீரும் துவைக்கும் நீரும் ஒன்றாகியதே பிழை. தமிழகத்துச் சிற்றூர் பலவற்றில் குடிநீர் ஊருணியில் கால் நனைத்தலும் விலக்கப்பட்டிருந்தது; குளிக்க வேறு குளம், மாடு கழுவ வேறு குட்டை என்று பிரித்திருந்தனர். கொசுவின் வழக்கும் அத்தகையதே. மீன் நிறைந்த குளத்தில் கொசுப் புழுக்கள் மீனுக்கு இரையாகிவிடும். நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் ஸ்டீஃபென்சி என்னும் கொசுவோ, மூடப்படாத மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் உள்ள தெளிந்த நீரை நாடிப் பெருகுவது. குளத்தைத் தூர்த்துவிட்டு மாடியில் திறந்த தொட்டி வைத்தவன் கொசுவைத் தன் தலைக்குமேல் குடியேற்றினான் என்று கூறின் மிகையாகாது.

ஆழத்திலிருந்து வந்த நஞ்சு

குளத்துநீர் கெட்டது என்று கண்ட பின்னர், நிலத்தடி நீரே தூயது என்னும் கருத்து வலுப்பெற்றது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வங்கமெங்கும் குழாய்க்கிணறுகள் பெருகின. வயிற்றுநோய்கள் குறையும் என்னும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட பணி அது. ஆனால் 1983-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவக் கல்விக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் கே. சி. சாஹா, தோலில் கரும்புள்ளிகளும் உள்ளங்கைத் தடிப்பும் கொண்டு வந்த நோயாளிகளிடம் ஆர்செனிக் நஞ்சின் அறிகுறிகளைக் கண்டார். அவர்கள் அருந்தியது குழாய்க்கிணற்று நீர். பின்னர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி முதலிய அறிஞர்கள் நிகழ்த்திய ஆய்வுகள், வங்கத்தின் பல மாவட்டங்களில், ஹவுராவின் சில பகுதிகள் உட்பட, இந்நஞ்சு இருப்பதைக் காட்டின.

இந்நஞ்சை மண்ணில் எவரும் கொட்டவில்லை. இமயத்திலிருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலில், இரும்புத் துருவோடு ஒட்டியபடி அது இயற்கையாகவே புதைந்து கிடந்தது. உயிர்வளியற்ற ஆழத்தில் அத்துரு கரையும்போது ஆர்செனிக்கும் விடுபட்டு நீரில் கலக்கிறது. வானிலிருந்து விழும் மழையில் இந்நஞ்சு இல்லை. மழையைத் தேக்கிய குளத்திலும் இவ்வாறு ஊறி வருவதில்லை. குற்றவாளி என்று தள்ளப்பட்ட குளத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை நூறாண்டுகளுக்குப் பின் அறிவியலே எடுத்துரைத்தது.

ஆயினும், பழைய குளத்திற்குத் திரும்பி அதன் நீரை அப்படியே பருகுவோம் என்று கூறுவது அறியாமை. 1884-இன் பாடத்தை மறத்தலும் குற்றம். 1983-இன் பாடத்தை மறத்தலும் குற்றம். இரண்டையும் ஒருசேர நெஞ்சில் நிறுத்தினால், மழைநீரைக் காத்தலும், அதனை அழுக்கினின்று பிரித்துவைத்தலும் ஆகிய இரு கடமைகள் தெளிவாகின்றன.

பறவைகள் கூறும் சான்று

இவ்வளவுக்கும் கண்முன் நிற்கும் சான்றாக விளங்குவது சாந்த்ராகாச்சி ஏரி. குளிர்காலத்தில் அங்கே பெருங்கூட்டமாகக் கூடுவது சீழ்க்கைச் சிறகி என்னும் சிறுவாத்து. தொலைநாடுகளிலிருந்து ஊசிவால் வாத்து முதலியனவும் வருவதுண்டு. பறவைகள் வருமுன் ஆகாயத்தாமரையை அகற்றி, அவை அமர்ந்து இளைப்பாறும் திட்டுகளாகச் சிறிதளவை மட்டும் விட்டுவைப்பர். முற்றிலும் மூடினாலும் பறவைக்கு இடமில்லை; முற்றிலும் அகற்றினாலும் அமர இடமில்லை. அளவறிந்து பேணுதலே காத்தல் என்பதை அவ்வேரி ஆண்டுதோறும் கற்பிக்கிறது.

அவ்வேரியின் துன்பமோ, சுற்றியுள்ள குடியிருப்புகளின் கழிவுநீரால் வந்தது. இவ்வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. கழிவுநீர் கலப்பதைத் தடுக்கவும், சுத்திகரிப்பு நிலையம் அமைக்கவும் தீர்ப்பாயம் ஆணைகள் பிறப்பித்தது. நிலம் ஓர் அமைப்பினுடையது, கழிவு வேறோர் அமைப்பின் பொறுப்பு, அழுக்கு அனைவருடையது. இத்தகைய நிலையில் நீர்நிலைக்கு உரியவர் யார் என்னும் வினாவுக்கு விடை எளிதன்று.

தமிழகத்தின் வேடந்தாங்கலில் இவ்வினாவுக்கு ஊரார் விடை கண்டனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாவதை அறிந்த அவர்கள், பறவைகளைச் சுடுவதைத் தடுக்கும் உரிமையை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கற்பட்டு ஆட்சியரிடமிருந்து எழுத்துமூலம் பெற்றனர். ஏரியால் தமக்கு வரும் நலத்தை அறிந்தமையால் ஏரியைக் காத்தனர். நலத்தை மறந்த இடத்தில் சட்டம் வரவேண்டியிருக்கிறது. மேற்கு வங்கத்தின் 1984-ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டம் 1993-இல் திருத்தப்பட்டு, 5 கட்டாவும் அதற்கு மேலும் பரப்புள்ள நீர்நிலைகளைத் தூர்ப்பதைத் தடை செய்தது. 2011-இல் மாநில அரசு, நீரைப் பிடி, நீரை நிரப்பு என்னும் பொருள்படும் 'ஜல் தரோ ஜல் பரோ' திட்டத்தைத் தொடங்கிக் குளங்களை வெட்டவும் தூர்வாரவும் முற்பட்டது. சட்டமும் திட்டமும் வேண்டியவையே. எனினும் 5 கட்டாவுக்குக் குறைந்த சிறு குளத்தை அவ்வீட்டாரின் மனமே காத்தல் வேண்டும்.

சென்னை கற்ற பாடம்

வீட்டுக்கூரையின் மழையைச் சட்டத்தின் வழியே காக்க முயன்ற பெருமை தமிழகத்திற்கு உண்டு. 2003-இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. சென்னையின் கடற்கரை ஓரத்து மணற்பாங்கான பகுதிகளில் கிணறுகளின் நீர்மட்டம் உயர்ந்ததையும், உப்புக்கரிப்பு குறைந்ததையும் மக்கள் கண்டனர். ஆயினும் அமைத்தபின் பேணாத இடங்களில் குழிகள் மண்மூடின. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் நகருக்கு நீர்தரும் 4 ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் கொணரப்பட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் நகரம் வண்டியில் வரும் நீருக்குக் காத்துநின்றது. வான் வழங்கியதைக் கடலுக்கு விட்டதன் விளைவு அது.

சென்னையின் முறையை அப்படியே சாந்த்ராகாச்சிக்குக் கொண்டுவருதலும் பயன்தராது. மணல் நீரைக் குடிக்கும், களிமண் குடிக்காது. சென்னையில் நிலத்துக்குள் அனுப்பும் குழி சிறக்கும். இங்கே தொட்டியிலும் குளத்திலும் தேக்குதலே சிறக்கும்.

ஒரு சிறு கணக்கைக் காண்போம். 100 சதுரமீட்டர் மாடியின்மேல் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் நீர் கிடைக்கும். ஆண்டு மழையை 1,600 மில்லிமீட்டர் எனக் கொண்டால் 1,60,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு ஆவியாகியும் சிந்தியும் போயிற்றெனக் கழித்தாலும் 1,28,000 லிட்டர் எஞ்சும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்னும் நகர அளவின்படி நால்வர் கொண்ட குடும்பத்திற்கு 540 லிட்டர் வேண்டும். அவ்வாறாயின் அம்மழை 237 நாட்களுக்குப் போதும். அவ்வளவையும் தேக்கிவைத்தல் ஒரு வீட்டுக்கு இயலாது என்பது உண்மையே. எனினும் 5,000 லிட்டர்த் தொட்டி ஒன்று, பருவமழைக் காலத்தில் பலமுறை நிறைந்து பலமுறை பயன்படும்.

செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. மாடியைத் தூய்மையாக வைத்தல். முதல் மழையின் அழுக்குநீரை வெளியே விடுதல். பின்வரும் நீரைச் சரளை, மணல், கரி ஆகியவற்றின் வழியே வடித்தல். தொட்டியைக் கொசு புகாவண்ணம் மூடுதல். குடிக்க வேண்டின் காய்ச்சுதல். துவைக்கவும், தரை கழுவவும், செடிக்கு ஊற்றவும் இந்நீரே போதும். மிஞ்சியதைத் தெருவுக்கு விடாமல் அருகிலுள்ள குளத்திற்கு வழிசெய்து, கழிவுநீர்க் குழாயை அதனின்று விலக்கிவைத்தால் குளமும் வாழும். மழைக்காலத்தில் முழங்காலளவு நீரில் நடக்கும் இடரும் குறையும்.

நமது கடமை

கொல்கத்தாவில் தமிழர் பெருகி வாழ்ந்த ஏரிச் சந்தைப் பகுதியின் பெயருக்குக் காரணமான தாக்குரியா ஏரி, 1920-களில் நகர மேம்பாட்டுக் கழகத்தால் வெட்டப்பட்டது; தோண்டிய மண்ணால் சுற்றுநிலம் மேடாக்கப்பட்டது. 1958 முதல் இரவீந்திர சரோவர் எனப் பெயர்கொண்ட அவ்வேரியும், ஹவுராக் குடியானவன் தன் கொல்லையில் வெட்டிய புக்குரும் ஒரே முறையால் பிறந்தவை. அப்பகுதியில் இல்லம் அமைத்த தமிழர், வங்கத்தின் பழைய அறிவு உயர்த்தித் தந்த மேட்டிலேயே குடியிருந்தனர். அவ்வறிவுக்கு நாம் கடன்பட்டவர்கள்.

ஊருணி மரபை உடன்கொண்டு வந்த நாம், வீட்டுக்குளத்தின் நாட்டில் வாழ்கிறோம். இவ்விரு மரபுகளும் நம் கையில் கூடியிருப்பது நற்பேறு. நம் வீட்டுக் கூரைமேல் விழும் மழை எங்கே செல்கிறது, நம் வீட்டுக் கழிவு எந்த நீர்நிலையைச் சேர்கிறது என்னும் இரு வினாக்களுக்கும் ஒவ்வொரு குடும்பத்தலைவரும் தலைவியும் விடை அறிந்திருத்தல் வேண்டும். விடை அறிந்தவர் வாளா இரார். ஆண்டுக்கொருமுறை தொட்டியையும் மாடியையும் தூய்மை செய்ய ஒரு நாளும், தெருக்குளத்தின் பாசியகற்ற அயலாரோடு கூடி ஒரு நாளும் ஒதுக்குவோமாயின், ஏரி வாரியம் கண்ட முன்னோரின் வழிவந்தவர் என்று கூறிக்கொள்ளும் தகுதி நமக்கு உண்டாகும். அடுத்த குளிர்காலத்தில் சாந்த்ராகாச்சி நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் அன்பர்கள் ஏரியின் பக்கமும் சென்று நோக்குக. அங்கே எத்தனை சிறகுகள் தெரிகின்றனவோ, அத்தனை அளவே அண்டை வீடுகள் தம் நீர்க்கடமையை நிறைவேற்றியுள்ளன என்று கொள்ளலாம்.